ஏழரையும் ஐந்தும்

கொட்டகலையில் ஏறும்போது அது மூன்று தட்டுக் கல்யாணக் கேக்,
என் மடியில்.
டெவன் தாண்டி இரண்டாம் வளைவில்
பஸ்ஸுக்கு ஆட்டோ ஒதுங்கியபோது
மாப்பிள்ளையும் பொண்ணும்
முழங்கால்வரை ஐசிங்கில் புதைந்தார்கள்.
தலவாக்கலை மண்டபத்துக் குசினியில்
கரண்டிக் காம்பால் தோண்டி
இருவரையும் நிமிர்த்தி வைத்தேன்.
ஆயிரத்து ஐந்நூறு குறைத்துத்தான் தந்தார்கள்.
திரும்பும் வழியில் சொன்னேன்:
நமக்கு ஒரு கார் வேணும்.

ஹட்டனில் லீசிங் கம்பனிகள்
திருவிழாக் கச்சான் கடைகள்போல் வரிசையாய்.
நிமேஷ் என்ற பையன், கழுத்தில் டை,
என்னைவிட நல்ல தமிழ்.
"பதிமூணு லட்சம் நீங்க கட்டுங்க அக்கா, மிச்சம் இருபது நாங்க.
மாசம் நாற்பத்தேழாயிரத்து ஐந்நூற்றி எண்பது.
அஞ்சே வருஷம்.
கார் உங்க வாசல்லதான் நிக்கும்."
புத்தகம்?
"புத்தகம் எங்ககிட்ட."

கல்குலேட்டர் பொத்தான்களில் ஐசிங் சீனி,
எட்டு மட்டும் ஒட்டிக்கொள்கிறது.
இருபது, இருபத்தெட்டரை ஆகிறது.
இடையில் உள்ள எட்டரைக்கு
எத்தனை கிலோ மா, எத்தனை பட்டர் என்று எண்ணப் போய்
முட்டை விலையில் நிறுத்திவிட்டேன்.
ஆடியில் கல்யாணம் கிடையாது.
தவணைக்கு ஆடி கிடையாது.
போன மாசம் பத்தனைச் சந்தியில்
யோகராஜாவின் வேனை மறித்தார்கள்.
பின் சீட்டிலிருந்த பிள்ளையின் புத்தகப்பையை
மரியாதையாக எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு
ஓட்டிக்கொண்டு போனார்கள்.

கிருபா வேறொன்று பார்த்து வைத்திருக்கிறான்.
நானுஓயாவில், ரயில்வே பிரான்சிஸின்
எண்பத்தாறாம் ஆண்டு நிசான் சன்னி.
பன்னிரண்டரை. கைக்காசு. அன்றைக்கே புத்தகம்.
இடது கதவைத் தூக்கித்தான் மூட வேண்டும்.
ஏற்றத்தில் கொதிக்கும், இரண்டு தண்ணிப் போத்தல் கூடவே வேண்டும்.
ஒரு ஆணி கழன்றாலும் பஞ்சிகாவத்தை போக வேண்டும்.
"அது சன்னி இல்ல, சனி" என்றேன்.
அவன் விரல்விட்டு எண்ணினான்:
"சனின்னா ஏழரை வருஷம். லீசிங் அஞ்சு.
ஆனா சனிக்கு எள்ளு வெளக்குப் போட்டுச் சமாளிக்கலாம்.
நிமேஷுக்கு என்ன போடுறது?"

ஆனாலும் திங்கட்கிழமை ஹட்டன் போனேன்.
புதுசு புதுசுதானே, கண்ணாடி தானே இறங்குகிறது.
விண்ணப்பத்தில் நாலாம் கேள்வி:
வீடு சொந்தமா, வாடகையா, குத்தகையா?
ஒன்றில் சரி அடையாளம் இடுக.

பேனா நின்றது.
நாங்கள் இருப்பது லயத்தின் கடைசிக் காம்பரா.
கூரைத் தகரம் நாங்கள் போட்டது.
சுவர் கம்பனியுடையது.
கம்பனிக்கு மலையே அரசாங்கக் குத்தகைதானாம்.
வாடகை கொடுத்ததில்லை, உறுதி கண்டதில்லை.
கிருபாவின் அப்பா முப்பத்தாறு வருஷம் கவ்வாத்து வெட்டினார்,
அது எதற்கான தவணை என்று
யாரும் எழுதித் தரவில்லை.
நிமேஷின் தாளிலாவது
கடைசி மாசம் என்று ஒரு மாசம் அச்சாகியிருக்கிறது.
ஒரு கணம் அந்தத் தாள்மேல் ஆசையாகவே இருந்தது.

"எதையாவது போடுங்க அக்கா, யாரும் பாக்கிறதில்ல."

போடாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது, பேக்கிங் பவுடர் பில்லோடு.

ஞாயிறு விடிய ஐந்தரை, நானுஓயா.
புல்லில் துகள்பனி.
மூன்று தட்டு உயரத்தில் வெறும் அட்டைப்பெட்டி ஒன்று
அளவு பார்க்கக் கொண்டுபோயிருந்தேன்.
பின் சீட்டில் அடங்கியது,
மேலே இரண்டு விரல் இடம் மிச்சம்.
பிரான்சிஸ் சாவியைத் திருகினார். ஒரு இருமல்.
இன்னொரு தரம். ஒன்றுமில்லை.
கிருபா என்னைப் பார்க்காமல்
எதிரே இருந்த கோவாப் பாத்தியைப் பார்த்தான்.
"கொஞ்சம் பொறுங்க" என்றார் பிரான்சிஸ்,
பொனட்டின்மேல் உள்ளங்கையை வைத்து,
"அதுக்குக் குளிருது."